தொடரேடு கட்டடத்தைக் காக்குமா?

(கட்டடப் பொறியாளரும் கொத்தனார்களும் கூடிய அவையில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கட்டடத் தொழிலைப் பற்றிப் பேசத் தமிழாசிரியன் ஒருவனுக்கு என்ன தகுதி என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் முறையானதே. கல்லையும் காரையையும் நீங்கள் அறிந்ததில் நூற்றில் ஒரு பங்கும் நான் அறியேன். ஆனால் ஏட்டை அறிவேன். ஏட்டில் புலவன் எழுதியது எது, பின்வந்தோர் செருகியது எது என்று பார்ப்பதும், பார்க்கக் கற்பிப்பதும் முப்பதாண்டுகளாக என் பணி. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் கட்டடத்தின் தரம் பற்றியதாயினும், அடிப்படையில் அஃது ஏட்டின் உண்மை பற்றியதே.

ஏன் அவ்வாறு சொல்கிறேன்? துணி வாங்குவோன் விரித்துப் பார்க்கிறான். நெல் வாங்குவோன் அள்ளிப் பார்க்கிறான். வீடு வாங்குவோன் எதைப் பார்ப்பான்? வண்ணப்பூச்சைப் பார்ப்பான். கம்பி எத்தனை, எவ்வளவு இடைவெளியில் கட்டினர் என்பதை அவன் காண இயலாது. கான்கிரீட் என்று வழங்கும் கற்காரையை ஊற்றிய அப்பொழுதே கம்பி மறைந்துவிடுகிறது. மறைந்த கம்பிக்கு ஏடே கண். அந்தக் கண் பொய்த்தால் கட்டடமே குருடு.

அந்த ஏட்டில் என்ன எழுதவேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். சிமெண்ட் என்னும் பைஞ்சுதை மூட்டையில் அஃது ஆக்கப்பட்ட காலம் அச்சிட்டிருக்கும். மூன்று திங்கள் கடந்ததாயின் மீண்டும் ஆய்ந்தே பயன்படுத்தவேண்டும். கற்காரை ஊற்றும்போதே அதிலிருந்து 150 மில்லிமீட்டர் பக்கமுள்ள கட்டிகளை வார்த்து, நீரில் இட்டு, 28ஆம் நாள் அழுத்தப்பொறியில் உடைத்து வலுவைக் கணிக்கவேண்டும். ஊற்றிய கற்காரையைக் குறைந்தது 7 நாளும், சாம்பல் முதலியன கலந்த பைஞ்சுதையாயின் 10 நாளும் நீராற்றவேண்டும். இவ்வளவும் நாளும் பெயரும் இட்டு ஏட்டில் ஏறவேண்டும். ஏறுகிறதா? எப்பொழுது ஏறுகிறது? எவர் கையால் ஏறுகிறது? இங்கேதான் நோய் இருக்கிறது.

நான் பணியாற்றிய பள்ளியொன்றில் நடந்ததைச் சொல்கிறேன். புதிதாகக் கட்டிய வகுப்பறையின் கூரை நான்காம் ஆண்டிலேயே அடிப்புறம் பெயர்ந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமையாதலின் அறையில் எவரும் இல்லை. மறுநாளாக இருந்திருந்தால் அவ்விருக்கைகளில் பிள்ளைகள் இருந்திருப்பர். பெயர்ந்த இடத்தில் கம்பி துருவேறி உப்பியிருந்தது. கம்பியின் கீழ்க் குறைந்தது 20 மில்லிமீட்டர் இருக்கவேண்டிய கற்காரை மூடாக்கு நகத்தின் தடிப்பளவே இருந்தது. பெற்றோரும் நாங்களும் ஆய்வேட்டைக் கேட்டு வாங்கினோம்.

பொறியாளர்க்கு அவ்வேடு குறையற்றதாகவே தோன்றியது. எண்களெல்லாம் நன்றாகவே இருந்தன. எனக்கோ எழுத்து உறுத்தியது. பல திங்கள் நடந்த பணி. எல்லாப் பக்கமும் ஒரே மை, ஒரே கை, ஒரே விரைவு. நாள்களைக் கூட்டிப் பார்த்தேன். 28ஆம் நாள் வலு என்று எழுதியிருந்த கட்டிகளுள் ஒன்று, அவ்வேட்டின்படியே, வார்த்த 19ஆம் நாளில் உடைக்கப்பட்டிருந்தது! ஒரே அமர்வில் உட்கார்ந்து எழுதியவர் நாட்கணக்கில் தவறிவிட்டார். கேட்டபோது, 'எழுத்துப்பிழை' என்று விடை வந்தது. அதனை மறுக்க எங்களிடம் வேறு படி இல்லை. இருந்தது ஒரே ஏடு. அதுவும் எழுதியவர் கையிலேயே இருந்தது.

இஃது ஏதோ நம்மூர்க் குறை என்று எண்ணவேண்டா. செல்வமும் தொழில்நுட்பமும் மிக்க ஆங்காங் நகரில் அங்காம் தொடர்வண்டி நிலைய விரிவாக்கப் பணியில், இணைப்பிகளுக்குள் முழுமையாகத் திருகவேண்டிய கம்பிகள் நுனி வெட்டப்பட்டுத் திருகியதுபோல் வைக்கப்பட்டன என்று 2018இல் குற்றச்சாட்டு வெடித்தது. அரசு உசாவற்குழு அமைத்தது. பார்வையிட்டதற்கான படிவங்களைத் தேடினால், பல படிவங்கள் இல்லவே இல்லை. கட்டி முடித்த கற்காரையைச் சில இடங்களில் உடைத்துத் திறந்து பார்க்க நேர்ந்தது. குழுவின் இறுதியறிக்கை 2020இல் வெளிவந்தது. அவ்வாண்டு முதலே 30 கோடி ஆங்காங் வெள்ளிக்கு மேற்பட்ட அரசுப் பணிகளில் மேற்பார்வைப் பதிவை மின்வழியில் வைக்கவேண்டும் என்று அந்நகர் அரசு முறை வகுத்தது. ஏட்டைக் காக்கத் தவறியோர் சுவரை உடைக்க நேர்ந்தது என்பதே இதன் பாடம்.

இனி, இந்நோய்க்கு மருந்தென்று இன்று பேசப்படும் பிளாக்செயின் முறைக்கு வருவோம். இதனைக் கட்டச்சங்கிலி என்பாரும் உளர். சங்கிலி வடசொற்றிரிபு. நமக்குத் தொடர் என்னும் சொல் இருக்கிறது. ஏடு என்னும் சொல்லும் இருக்கிறது. ஆகவே தொடரேடு என்போம். சொல்லே பொருளை விளக்கிவிடும்.

அஃது இயங்கும் முறை தமிழ் கற்றார்க்குப் புதிதன்று. ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாக வரும் தொடையை நாம் அறிவோம். அந்தாதி என்னும் பெயர் வடசொல்லாயினும் தொடை நம்முடையது. பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து அவ்வாறு அமைந்ததே. இடையில் ஒரு பாட்டை உருவினாலும் செருகினாலும் தொடை அறுந்து காட்டிக்கொடுத்துவிடும். தொடரேடும் அவ்வாறே. ஒரு பக்கம் எழுதி முடிந்ததும் அதன் எழுத்துகள் அனைத்தையும் கணக்குமுறையால் பிழிந்து கணிப்பொறி ஒரு குறியை எடுக்கிறது. பரவலாக வழங்கும் ஒரு முறையில் அக்குறி 64 எழுத்திடம் கொண்டது. ஓலைக்குப் புலிப்பொறியும் கயற்பொறியும் போல் அஃது அப்பக்கத்தின் பொறி. அப்பொறியை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதுகின்றனர். அதனையும் சேர்த்துப் பிழிந்து அப்பக்கத்துக்குப் பொறி எடுக்கின்றனர். ஈற்றுச்சொல் மட்டும் தொடர்வது அந்தாதி. ஒவ்வோர் எழுத்தும் தொடர்வது தொடரேடு. பழைய பக்கம் ஒன்றில் 19 என்பதை 28 என்று திருத்தினால் அதன் பொறி முற்றிலும் மாறும். அடுத்த பக்கத்தோடு பொருந்தாது. தொடர் அவ்விடத்தே அறும்.

பின்வரும் பக்கங்கள் அனைத்தையும் ஒருவரே மாற்றி எழுதிவிட்டால்? அதற்காகவே படிகள் பலரிடம் இருக்கவேண்டும். 1887இல் சிந்தாமணியை அச்சேற்றுமுன் உ.வே. சாமிநாதர் பல இடத்துச் சுவடிகளைத் தேடி ஒப்பிட்டது எதற்காக? ஒரு சுவடியின் பிழையை இன்னொரு சுவடி காட்டும் என்பதற்காகவே. 1991இல் ஏபர், இசுட்டோர்னெட்டா என்னும் இருவர் மின்னேட்டுக்கு நாட்பொறி இடும் முறையை வெளியிட்டனர். 1995 முதல் தம் பொறிக்குறியை நியூயார்க் டைம்சு நாளிதழில் கிழமைதோறும் அச்சிடச் செய்தனர். அச்சான இதழ்களையெல்லாம் எவர் திருத்த முடியும்? சதோசி நகமோட்டோ என்னும் பெயரில் 2008இல் வெளிவந்த கட்டுரை இதனைப் பணத்துக்குப் பயன்படுத்தியது. பணத்தோடு வந்த ஆரவாரத்தை நாம் தள்ளிவிடலாம். ஏட்டைக் காக்கும் முறையைக் கொள்ளலாம்.

எங்கள் பள்ளியில் இம்முறை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கட்டி வார்த்த அன்றே அந்நாள் பொறியிடப்பட்டு, ஒப்பந்தக்காரர், ஆய்வகத்தார், பொறியாளர், பள்ளியார் என நால்வரிடமும் படி நின்றிருக்கும். உடைத்த நாளை அழுத்தப்பொறியே நேராக ஏற்றியிருக்கும். 19ஆம் நாள் உடைத்ததைக் கூரை விழுந்தபின் நான் கண்டுபிடிக்க வேண்டியிருந்திருக்காது. அன்றே நால்வரும் கண்டிருப்பர்.

ஆயினும் தோழர்களே, ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். தொடரேடு எழுதியதைக் காக்கும், எழுதுவோனைத் திருத்தாது. ஆய்வுக்கென்று பைஞ்சுதை மிகுத்துத் தனிக் கலவையில் கட்டி வார்ப்போர் உண்டென்பது உங்களுக்குத் தெரியாததன்று. அக்கட்டி நன்றாகவே நிற்கும். அதன் எண் நேர்மையாகவே ஏறும். கூரையோ வேறு கலவை. அப்பொய்யையும் தொடரேடு பொன்போல் காத்துவைக்கும். ஆகவே, எந்தக் கலவையிலிருந்து கட்டி எடுப்பது என்பதை ஒப்பந்தக்காரர் முடிவு செய்தலாகாது. முன்னறிவிப்பின்றி வரும் ஒருவர் முடிவு செய்யவேண்டும். எல்லாப் படிகளும் ஒரே முதலாளியின் கணிப்பொறிகளில் இருந்தால் அது தொடரேடும் அன்று. பழைய ஏட்டுக்கு இட்ட புதுப்பெயர். சிறு வீடு கட்டுவோர்க்கு இதுவும் வேண்டா. அன்றன்று மூன்று படியெடுத்து மூவரிடம் வைக்கும் தாள் ஏடே போதும். நெறி ஒன்றுதான்: நடந்தபோதே எழுது; பலர் கையில் வை; பிழை நேர்ந்தால் அழிக்காதே, திருத்தத்தைக் கீழே தனியாக எழுது.

இறுதியாக, மொழியைப் பற்றி ஒரு சொல். 2014 சூன் 28ஆம் நாள் சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் ஆந்திரத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த உழைப்பாளர். கட்டடம் சாயும்போது முதலில் சாவோன் அதனைக் கட்டுவோன். ஆனால் அவன் கட்டுவது பற்றிய ஏட்டை அவன் கண்டதே இல்லை. கண்டாலும் அது படிக்கத் தெரியாத ஆங்கிலத்தில் இருக்கிறது. கம்பி கட்டியவன்தான் கம்பியை அறிவான். அவன் படித்து, 'இவ்வாறுதான் கட்டினேன்' என்று ஒப்பமிடவும், 'இவ்வாறு கட்டவில்லை' என்று மறுக்கவும் உரிமை வேண்டும். தமிழனுக்குத் தமிழிலும், தெலுங்கனுக்குத் தெலுங்கிலும், ஒடியனுக்கு ஒடியாவிலும் அவ்வேடு பேசவேண்டும். நம் தாய்மொழிக்கு நாம் கேட்கும் உரிமையைப் பிறர் தாய்மொழிக்கு மறுப்போமாயின் நம் கொள்கை பொய்.

தமிழ்நாட்டரசு 2020இல் தொடரேட்டு நுட்பத்துக்கெனக் கொள்கை அறிக்கை வெளியிட்டது. அந்நுட்பம் முதலில் ஏறவேண்டிய இடங்களுள் அரசு கட்டும் பள்ளிக் கூரையும் ஒன்று என்பேன். அங்கே ஏறும் ஏடு தமிழில் இருக்கட்டும். ஒரு படி அப்பள்ளியிலேயே இருக்கட்டும். அக்கூரையின்கீழ் அமரும் பிள்ளையின் தந்தையும் தாயும் அதனைத் திறந்து படிக்கட்டும். பொறியாளர்களே, அதற்கு வழி செய்யுங்கள். கொத்தனார்த் தோழர்களே, நீங்கள் காணாததற்கு ஒப்பமிடாதீர்கள்.

ஏடு பொய்யாதிருக்கட்டும், கூரை வீழாதிருக்கட்டும்.