மலைக்குள்ளே தண்ணீர் எங்கே?

(தோட்டச் சுகாதாரக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



பெப்ரவரி, மார்ச் வந்தால் நமது பீலித் தண்ணீர் நூல் மாதிரி ஆகிவிடுகிறது. கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். "இவ்வளவு மழை பெய்யுற மலைநாட்டுல தண்ணிக்குப் பஞ்சமா?" என்று வெளியூரார் கேட்கிறார்கள். காரணம் நம் காலுக்குக் கீழே இருக்கிறது.

மத்திய மலைநாட்டின் அடியில் இருப்பது பெரும்பாலும் கெட்டியான, மிகப் பழைய பாறை. அதன் மேலுள்ள உக்கிய படையிலும் பாறை வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்கும். கண்ட இடத்தில் குழாய்க் கிணறு அடித்தால் காசுதான் பாறைக்குள் போகும்.

இடத்தைத் தேட இன்று செய்மதிப் படங்கள் உதவுகின்றன. முதலாவது லேண்ட்சாட் செய்மதி 1972இல் ஏவப்பட்டது. 2008 முதல் அதன் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. "அந்தப் படத்துல நிலத்தடித் தண்ணி தெரியுமா?" என்று கேட்பீர்கள். தெரியாது. அடையாளந்தான் தெரியும். ஓடை நீண்ட தூரம் நேர்கோடாக ஓடினால் அடியில் வெடிப்பு இருக்கலாம். வறட்சியிலும் பச்சை மாறாத பள்ளத்தில் ஈரம் இருக்கலாம்.

பிறகு பாறை, வெடிப்பு, சரிவு, ஓடை, மண், மழை என்று தனித்தனி வரைபடங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடுகிறார்கள். செங்குத்தான சரிவில் மழைநீர் ஓடிவிடும்; புள்ளி குறைவு. மெல்லிய சரிவில் ஊறும், புள்ளி அதிகம். கூட்டிப் பார்த்தால் தண்ணீர் வாய்ப்பு எங்கே அதிகம், எங்கே குறைவு என்று நிறம் பிரித்த வரைபடம் கிடைக்கிறது. இதற்கு உதவுவதே புவியியல் தகவல் முறைமை.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இன்றைய லேண்ட்சாட் படத்தில் ஒரு கட்டம் 30 மீற்றர் நீளம், 30 மீற்றர் அகலம். கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. நமது ஊற்றுக்கண்ணோ ஒரு வாளி அகலந்தான். அது படத்தில் விழாது. அதை அறிந்தவர்கள் நீங்களே.

ஆகவே ஒரு கொப்பி வாங்குங்கள். எந்த ஊற்று எந்த மாதம் சுருங்குகிறது, ஒரு வாளி நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று எழுதி வையுங்கள். ஊற்றுக்கு மேலே மலசலகூடக் குழி தோண்ட விடாதீர்கள். மருந்து அடிக்க விடாதீர்கள். வரைபடம் போடுகிறவர்கள் வந்தால், "ஐயா, இங்க வந்து பாருங்க" என்று கூட்டிப்போய்க் காட்டுங்கள். நேரில் சரிபார்க்காத வரைபடத்தை நம்பிக் கிணறு வெட்ட முடியாது.