ஜீவகாருண்யமும் கல்நெஞ்சமும்

(பெருங்குடியில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



உலகில் இரக்கம் அருகிவிட்டது, வஞ்சகமே மலிந்துவிட்டது, எல்லாம் கலியின் கோலம் என்று நம்மவர் பலர் பேசக் கேட்கின்றோம். திண்ணைகளே ஒழிந்துபோன இக்காலத்தும் இத்திண்ணைப் பேச்சு மட்டும் ஒழிந்தபாடில்லை. அதில் உண்மை எவ்வளவு என்று சற்றே ஆராய்வோம்.

பால்ஹஸ், வில்லியம்ஸ் என்னும் மனோதத்துவ அறிஞர் இருவர் 2002ஆம் ஆண்டில் கானடா தேசத்தில் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். தற்பெருமை, சூழ்ச்சி, பிறர் துயர்க்கு நெகிழாமை ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்து ‘இருண்ட மும்மை’ என்னும் பொருள்படப் பெயரிட்டனர். அவர்கள் ஆராய்ந்தது சிறைக்கைதிகளை அன்று, கல்லூரி மாணாக்கரை! ஆகவே இக்குணங்கள் கொலைஞர்க்கே உரிய தனிச்சொத்தல்ல. கூடியும் குறைந்தும் சாதாரண ஜனங்களிடத்தும் உள்ளன. துஷ்டன் ஒருவனைச் சுட்டிக்காட்டி நாம் தப்பித்துக்கொள்ள வழியில்லை.

ஆயினும் மனிதர் நெஞ்சம் வறண்டுவிடவில்லை என்பதற்குச் சான்று நம் ஊர்ப்பக்கத்திலேயே உண்டு. 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதிப் பெருமழையை யார் மறப்பர்? தாம்பரத்தில் ஒரு நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அடையாறு கரைபுரண்டது, பள்ளிக்கரணைச் சதுப்பைச் சூழ்ந்த பகுதிகள் நீரில் மிதந்தன. அப்பொழுது கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர் தம் படகுகளைத் தெருக்களுக்கே கொண்டுவந்து, ஏறுவோர் எக்குலத்தார் என்று பாராமல் கரைசேர்த்தனர். முந்தின நாள்வரை மீன்வாடை என்று முகஞ்சுளித்தவரும் அப்படகில் ஏறியே இருப்பர்.

வெள்ளம் வடிந்தபின் மலையெனக் குவிந்த குப்பையை அகற்ற வெளி மாவட்டங்களிலிருந்தும் துப்புரவுத் தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். மீனவரை ஊர் போற்றிற்று. இவர்களை நினைப்போர் எத்தனை பேர்? காரணம் யாதெனில், அபூர்வமாக நேர்ந்த ஆபத்தில் இரக்கம் தானே ஊறுகின்றது. நாள்தோறும் கண்முன் நிகழும் துயரோ பழக்கம் என்னும் போர்வைக்குள் மறைந்துவிடுகின்றது. நெகிழாமை என்று அவ்வறிஞர் கூறிய குணம், பூஜையும் தர்மமும் நடக்கும் நல்ல வீட்டிலும் வழக்கம் என்ற பெயரோடு குடியிருக்கக்கூடும்.

கழிவுநீர்த் தொட்டியை எண்ணிப்பாருங்கள். பாதுகாப்பின்றி அதனுள் ஆளை இறக்குதல் குற்றமென்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. இறந்தோர் குடும்பத்திற்குப் பத்து லட்சம் ரூபாய் அளிக்க 2014இல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. 2023இல் அதனை முப்பது லட்சமாக உயர்த்திற்று. தொகையை உயர்த்த நேர்ந்ததே சாவு நின்றபாடில்லை என்பதைக் காட்டவில்லையா? நம்முள் பலர் வீடும் அடுக்குமாடியும் உடையவர்கள். இயந்திரம் வரத் தாமதமாகும், ஆளாயின் கூலி குறையும் என்று எவரேனும் கணக்குரைக்குமிடத்து, ‘இறக்கவேண்டாம்’ என்று சொல்லவேண்டியவர் வீட்டுக்காரரே.

சென்னையில் பல்லாண்டு வாழ்ந்த இராமலிங்க அடிகள் 1867இல் வடலூரில் தர்மசாலை நிறுவினார். அங்கே பசி ஒன்றே தகுதி, குலம் கேட்பதில்லை. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகின்றது. நமது சங்கமோ குலத்தின் பேரால் ஏற்பட்டது. நம்மவரிலேயே ஏழைகள் இருக்கப் பிறர்க்கு ஈவதா என்று சிலர் வினவுவர். நியாயமான கேள்விதான், ஆதலின் நம் பிள்ளைகளின் கல்வி நிதியில் ஒரு காசும் தொடவேண்டாம் என்கிறோம். நம் தெருக்களைத் துப்புரவு செய்வோரின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் செலவு அளிக்கத் தனிச் சந்தா ஒன்று தொடங்குவோம். தொகை அவரவர் இஷ்டம். சம்மதமுள்ளோர் கூட்டம் கலையுமுன் காரியதரிசியிடம் பெயரைப் பதிவு செய்துகொள்ளக் கோருகின்றோம். ஏடு வாயிலருகே மேசைமேல் இருக்கின்றது.