செய்த கையும் பொறித்த பெயரும்

 

தலைமையாசிரியர் பேச வந்தால் கல்வியின் சிறப்பைத்தான் பேசுவார் என்று எண்ணியிருப்பீர்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் அதனை ஓயாது எடுத்துரைத்து வருகிறது. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. கடைத்தெருவில் 'டிரேட் மார்க்' என வழங்கும் வணிகக் குறியைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம்.

படித்த நம் பிள்ளைகள் பலர் இன்று சொந்தத் தொழிலில் இறங்குகின்றனர். 2023ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், ஆதிதிராவிட, பழங்குடித் தொழில் முனைவோருக்கு 35 விழுக்காடு மூலதன மானியத்தை அறிவித்தது. மானியத்தால் பொறி வாங்கலாம். பெயரை நாமேதான் ஈட்ட வேண்டும்.

ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் நம் உறவினர் எத்தனையோ பேர் காலணித் தொழிற்சாலைகளில் உழைக்கின்றனர். அவர்கள் தைத்த காலணி கப்பலேறிச் சென்று, அயல்நாட்டுக் கடையில் அயலவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தோலைப் பதப்படுத்தியவர் நம்மவர்; தைத்தவர் நம்மவர். விலையை உயர்த்துவதோ உள்ளே ஒட்டிய சிறு பெயர்த்துண்டு. விடையெல்லாம் எழுதிவிட்டுப் பதிவெண்ணை எழுதாமல் எழுந்து சென்ற மாணவனின் நிலை இது.

கோலாப்பூர்ச் செருப்பின் கதையையும் கேளுங்கள். மராட்டிய, கருநாடக மாநிலங்களின் எட்டு மாவட்டங்களில், தலைமுறை தலைமுறையாகத் தோல் தொழிலால் இழிவுபடுத்தப்பட்ட குடும்பங்கள் காத்த கலை அது. 2019ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2025 ஜூன் திங்களில் இத்தாலி நாட்டின் மிலான் நகரில் பிராடா நிறுவனம் அதே சாயலில் செருப்புகளைக் காட்சிக்கு வைத்தபோது, கோலாப்பூரின் பெயர் எங்கும் சொல்லப்படவில்லை. கண்டனம் எழுந்த பின்னரே, இந்தியக் கைவினையிலிருந்து பெற்ற தூண்டுதல் அது என்று அந்நிறுவனம் ஒப்பியது. செருப்பைத் தொட்ட கையைத் தீண்டாதவர்கள் வாழும் நாட்டில், அச்செருப்பின் சாயலுக்கு அயல்நாட்டில் எத்தனை மதிப்பு, பாருங்கள்!

புவிசார் குறியீடு ஒரு வட்டாரத்தார் அனைவருக்கும் பொதுவானது. வணிகக் குறியோ ஒருவருக்கோ ஒரு நிறுவனத்துக்கோ உரியது. இன்னார் செய்த பொருள் இது என்று வாங்குவோர்க்கு உணர்த்தும் சொல், படம், எழுத்து வடிவம் எதுவும் குறியாகலாம். இதனை ஆளும் சட்டம் 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டம். நடைமுறைக்கு வந்தது 2003 செப்டம்பரில்.

பெயர் சூட்டுவதில்தான் நம் இளைஞர் இடறுகின்றனர். 'ராயல்', 'கிங்', 'ஸ்டார்' என்றே வைக்கிறார்கள். அரசர்களால் நமக்கு என்ன நன்மை விளைந்ததோ, தெரியவில்லை! அது கிடக்கட்டும். ஊரெங்கும் உள்ள பெயர் எவருக்கும் தனியுரிமை ஆவது அரிது. 'நல்ல மசாலா' என்பது போலப் பொருளின் தன்மையை மட்டும் சொல்லும் பெயரையும் பதிவாளர் பொதுவாக மறுப்பார். புதிதாகப் புனைந்த சொல்லே வலுவானது. தேர்ந்த பெயரை முன்னரே எவரேனும் பதிந்துள்ளனரா என்று பதிவகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். பெயர்ப்பலகை எழுதுமுன் இதனைச் செய்யுங்கள்.

பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. காலணி 25ஆம் வகுப்பு, தோற்பை 18, மசாலாப் பொடி 30. தனியாளுக்கும் சிறு தொழிலுக்கும் ஒரு வகுப்புக்கு இணைய வழிக் கட்டணம் 4,500 ரூபாய். தாளில் விண்ணப்பித்தால் 5,000. பெரு நிறுவனங்களுக்கு இதன் இருமடங்கு. பதிவாளர் ஆய்ந்து ஆட்சேபம் எழுப்பினால் ஒரு திங்களுக்குள் விடை அளித்தாக வேண்டும். பலர் அம்மடலைப் பாராமலே விண்ணப்பத்தை இழக்கின்றனர். பின்னர்க் குறி, வணிகக் குறிகள் இதழில் வெளியாகும். நான்கு திங்களுக்குள் எவரும் எதிர்க்காவிடில் சான்றிதழ் கிடைக்கும். விண்ணப்பித்த நாளிலிருந்து பத்தாண்டுகள் அது செல்லும். பின்னர்ப் பத்துப் பத்தாண்டுகளாகப் புதுப்பிக்கலாம். சான்றிதழ் பெறுமுன் வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தை அச்சிடுவது சட்டப்படி தவறு.

பதிந்தால் மட்டும் போதுமோ? திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கை அறிதல் நன்று. விளக்கொளி குறைந்த அக்கடைக்கு மக்கள் வழங்கிய பெயர் அது. அதே பெயரோடு 'ராஜா' என்று சேர்த்து வேறொருவரும் பதிவு பெற்றிருந்தார். 2015இல் உச்ச நீதிமன்றம், இருவரும் பதிவு பெற்றிருப்பினும் முன்னரே பயன்படுத்தியவரின் உரிமையே மேலானது என்று தீர்ப்பளித்தது. ஆகவே முதல் நாள் விற்ற ரசீதிலிருந்து அச்சகத்தாரின் பற்றுச்சீட்டு வரை அனைத்தையும் காத்து வையுங்கள். தேதியிட்ட ஒரு பழந்தாள் நீதிமன்றத்தில் பத்துச் சாட்சிகளுக்கு நிகராக நிற்கும். 'தாள்கள் எதற்கு, ஊரே அறியுமே' என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. ஊர் அறிந்த நிலங்களையே தாளில்லாமல் நம்மவர் இழந்திருக்கின்றனர். பதிவு பெறாதவரும் வழக்காடலாம் என்பது உண்மையே. எனினும் தம் பெயருக்கு வாடிக்கையாளரிடையே மதிப்புண்டு என்பதை அவர் ஒவ்வொன்றாக மெய்ப்பிக்க வேண்டும். பதிந்தவரோ சான்றிதழை முன்வைக்கலாம்.

இன்னொன்று. பணம் போட்ட கூட்டாளியோ, சரக்கெடுக்கும் தரகரோ, 'பதிவு வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று முன்வந்தால், விண்ணப்பத்தில் உரிமையாளர் இடத்தில் எவர் பெயர் எழுதப்படுகிறது என்பதை நீங்களே படித்துப் பாருங்கள். மகளிர் குழுவினர் சேர்ந்து செய்யும் பொருளாயின், அக்குறி குழுவுக்கு உரியதா, தலைவி ஒருவருக்கா என்பதைத் தீர்மானமாக எழுதி, அனைவரும் கையொப்பமிட்ட பின்னரே விண்ணப்பம் செல்ல வேண்டும்.

தமிழ்நாட்டவர்க்குரிய பதிவகம் சென்னை கிண்டியில் உள்ளது. விண்ணப்பப் படிவத்தின் பெயர் டி.எம்.-ஏ. அதனை நிரப்ப உதவி வேண்டுவோர், தாம் தேர்ந்த மூன்று பெயர்களையும் பழைய ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு ஞாயிறு மாலை நம் கழகப் படிப்பகத்துக்கு வாருங்கள். நாம் அங்கிருப்போம்.