கூடியிருந்து கற்கும் கைகள்



காலி வீதி வழியே வெள்ளவத்தையைக் கடந்து தெற்கே செல்வோர், இரத்மலானையில் மாலை வேளையில் ஒரு காட்சியைக் காணலாம். ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை முடிந்த இளம் பெண்கள் கூட்டங்கூட்டமாகப் பஸ் தரிப்பிடத்தை நோக்கி வருவர். பகல் முழுதும் நூலோடும் துணியோடும் பழகிய கைகள் அவர்களுடையவை. ஆயினும் அவர்களுள் ஒருத்தியை அழைத்து, ஒரு சட்டையை முழுமையாகத் தைத்துத் தருமாறு கேட்டால், அவள் சற்றே தயங்குதல் கூடும். தொழிற்சாலையில் ஒருத்தி கழுத்துப்பட்டியை மட்டும் தைக்கிறாள். இன்னொருத்தி கையை மட்டும் பொருத்துகிறாள். வேறொருத்தி பொத்தானை மட்டும் வைக்கிறாள். வேகம் கைவந்தது, முழுமை கைநழுவிற்று.

இது அத்தொழிலைப் பழிப்பதற்காகக் கூறப்படுவதன்று. 1977ஆம் ஆண்டின் பொருளாதார மாற்றத்தின் பின்னர் பல்கிப் பெருகிய ஆடைத்தொழில், இந்நாட்டில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பை எரிய வைத்தது. கேள்வி வேறொன்று. நூலை அறிந்த கை, தன் அறிவை முழுமையாக்கிக் கொள்ளும் இடம் எது? சிலர் கூடியிருந்து, செய்ததைக் காட்டி, செய்யத் தெரியாததை முயன்று பார்க்கும் சிறு குழுவே அவ்விடம் என்பதற்குக் கொழும்பிலேயே சான்றுகள் உள.

1958ஆம் ஆண்டில், நல்லாயன் சபைக் கன்னியர் பார்பரா சன்சோனி என்னும் ஓவியரை நாடினர். தாம் நடத்திய நெசவு நிலையங்களில் பயிலும் வறிய பெண்களுக்குப் புதிய வடிவங்களை அமைத்துத் தருமாறு அவரை வேண்டினர். சன்சோனி வண்ணங்களை அறிந்தவர், நெசவைக் கற்றவரல்லர். அப்பெண்களோ தறியை அறிந்தவர்கள், ஓவியம் பயின்றவர்களல்லர். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. தாளில் பக்கம் பக்கமாய் நிற்கும் இரு வண்ணங்கள், பாவும் ஊடுமாகக் குறுக்கிடும்போது மூன்றாவது ஒரு வண்ணமாய்க் கண்ணுக்குத் தோன்றும். இவ்வுண்மை தறியில்தான் தெரியும், தாளில் தெரியாது. ஓவியரும் நெசவுப் பெண்களும் அருகருகே இருந்தாலன்றி அதனைக் கண்டுகொள்வதெங்ஙனம்? அந்தக் கூட்டு முயற்சியே பின்னர் 'பெயார்பூட்' என்னும் பெயரில் உலகறிந்த கைத்தறி நிறுவனமாக வளர்ந்தது. சன்சோனி 2022ஆம் ஆண்டில் தமது 94ஆவது வயதில் காலமானார்.

இரண்டாவது சான்று ஈனா த சில்வா அம்மையாருடையது. 1922இல் பிறந்த இவர், 1960களின் தொடக்கத்தில் கொழும்பிலுள்ள தமது வீட்டையே பற்றிக் பட்டறையாக்கினார். மகன் அனில் காமினி ஜயசூரியவும், ஓவியர் லக்கி சேனாநாயக்கவும் அவருடன் சேர்ந்தனர். ஜாவாவில் சிறந்தோங்கிய பற்றிக் கலையை அவர்கள் அப்படியே பின்பற்றவில்லை; இந்நாட்டின் கொடிகளையும் பறவைகளையும் பழைய அலங்கார வடிவங்களையும் பெருந்துணிகளில் வரைந்து பார்த்தனர். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா அமைத்த பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலின் மண்டபக் கூரையை அவர்களுடைய பற்றிக் துணிகள் அணிசெய்தன. ஒரு வீட்டின் உள்ளே தொடங்கிய கைவேலை, ஒரு பெருங் கட்டடத்தின் விதானமாயிற்று.

பற்றிக் செய்முறையைச் சற்றே நோக்குவோம். சாயம் பற்றக் கூடாத இடங்களில் உருக்கிய மெழுகைப் பூசி, துணியைச் சாயத்தில் தோய்ப்பர். முதலில் வெளிர் நிறம், பின்னர் அடர் நிறம் என்பது முறை. இறுதியில் கொதிநீரில் இட்டு மெழுகை அகற்றுவர். தேன்மெழுகு வளைந்து கொடுக்கும். பரபின் மெழுகு எளிதில் வெடிக்கும். வெடித்த இடத்தில் சாயம் புகுந்து மெல்லிய கோடுகளாய்ப் படரும். தனியே இருந்து பழகுபவள் அக்கோடுகளைப் பிழையெனக் கருதித் துணியை ஒதுக்கிவிடுவாள். குழுவில் இருப்பவளிடமோ பக்கத்திலிருப்பவள், "இந்த வெடிப்பு அழகாயிருக்கிறதே, எவ்வளவு பரபின் கலந்தாய்?" என்று வினவுவாள். அவ்வினாவிலே பிழை ஓர் உத்தியாகிறது. குழுவின் பயன் அத்தனையும் அந்த ஒரு வினாவில் அடங்கும்.

தமிழ்நாட்டிலும் இதனையொத்த வரலாறு ஒன்றுண்டு. 1966ஆம் ஆண்டில் கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் ஓவியர்கள் சிலர் சென்னைக்குத் தெற்கேயுள்ள ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்னும் கலைக் கிராமத்தை நிறுவினர். ஓவியம் விற்றுப் பிழைத்தல் அரிது என்பதை உணர்ந்த அவர்கள், கூடியிருந்து பற்றிக் முதலிய கைவினைப் பொருட்களைச் செய்து விற்று, அவ்வருவாயைக் கொண்டு தம் வாழ்வை நிலைநாட்டினர். கைவேலை கலைக்குத் தாழ்ந்ததன்று. கலையைத் தாங்கி நின்ற தூண் அதுவே.

பகிரப்படாத அறிவுக்கு நேர்வது யாது? ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சாயவேர் கிண்டுதல் பெருந்தொழிலாயிருந்தது. அவ்வேரிலிருந்து துணிக்கு ஏற்றிய சிவப்பு, கழுவக் கழுவ மங்காதது. 1868ஆம் ஆண்டில் ஜெர்மானிய இரசாயனவியலாளர் இருவர் அச்சிவப்புக்கு ஈடான அலிசரின் சாயத்தைச் செயற்கையாக உண்டாக்கும் வழியைக் கண்டனர். மலிவான சாயத்தின் முன் வேர்ச்சாயம் நிற்கவில்லை. சந்தை போனபோது தொழில் போயிற்று. தொழில் போனபோது, எந்த நிலத்து வேர் நன்று, எந்தக் கிணற்று நீர் சாயத்தை ஏற்றும் என்ற நுட்பங்களும் கைகளோடு கைகளாய் மறையலாயின. தறியும் சட்டியும் அழிந்தால் மீண்டும் செய்துகொள்ளலாம். கையறிவு அழிந்தால் அதனை எந்தக் கடையில் வாங்குவது?

ஈனா அம்மையார் இதனை நன்குணர்ந்தவர்போலும். கொழும்பில் பெற்ற பேரோடு நின்றுவிடாது, தம் பூர்வீக ஊராகிய மாத்தளை அலுவிகாரைக்குத் திரும்பி, அயலிலுள்ள பெண்களைச் சேர்த்துப் பற்றிக்கும் பூத்தையலும் பயிற்றினார். 2015ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் கற்றுக்கொடுத்தது பல கைகளில் எஞ்சியது.

அத்தகைய குழு ஒன்றை இரத்மலானையில் அமைக்கப் பெரும் பணம் வேண்டியதில்லை. பத்துப் பெண்கள், மாதத்தில் ஒரு போயா விடுமுறை, ஒரு வீட்டு விறாந்தை, தொழிற்சாலைகள் கழித்துவிடும் வெட்டுத் துணித் துண்டுகள் சில இருந்தாற் போதும். ஒருத்திக்குப் பனையோலைப் பின்னல் தெரியும்; ஒருத்திக்குப் பீரளு றேந்தை தெரியும்; ஒருத்தி கொக்கியூசியால் கம்பளி பின்னுவாள். சிங்களப் பெண்ணும் தமிழ்ப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் அருகருகே இருந்து, மொழி தடுக்குமிடத்தில் விரலாற் பேசுவார்கள். ஒவ்வொருத்தியும் முடித்த வேலை ஒன்றோடு கெட்டுப்போன வேலை ஒன்றையும் கொண்டுவருதல் வேண்டும். கெட்டது எவ்வாறு கெட்டது, திருந்தியது எவ்வாறு திருந்தியது என்பதை ஒரு கொப்பியில் எழுதி வைத்தல் வேண்டும். அக்கொப்பி பின்வருவோருக்கு ஒரு பாடநூலாகும்.

நாள் முழுதும் கழுத்துப்பட்டி மட்டுமே தைக்கும் பெண், அவ்விறாந்தையிலே ஒருநாள் ஒரு துணியைத் தொடக்கம் முதல் முடிவுவரை தானே செய்து, பிறர் முன் விரித்துக் காட்டுவாளாயின், அன்று அவளுக்குக் கிடைப்பது கூலியன்று. தன் கை முழுமையானது என்னும் நம்பிக்கை. ஒற்றை நூலை இழுத்தால் அறும். பல நூல்கள் ஒன்றையொன்று பற்றி நின்றாலன்றோ துணி?