தற்காத்துக்கொண்டவர் ஓட வேண்டியதில்லை



ஞாயிற்றுக்கிழமை மாலை, தேக்காவில் நல்ல கூட்டம். ஒருவர் உங்களை அடிக்க வருகிறார். நீங்கள் தடுத்துத் தள்ளுகிறீர்கள். அவர் விழுந்து மண்டையில் அடிபடுகிறது. அடுத்து என்ன செய்வீர்கள்? "போலிஸ் வருமுன் கிளம்பிவிடு" என்றுதான் கூட இருப்பவர் சொல்வார். ஆபத்தே அங்குதான். போய்விட்டால், "அடித்துவிட்டு ஓடினார்" என்பதே சாட்சியாகிவிடும்.

நமது தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமை தருகின்றன. நம் உடலை மட்டுமல்ல, பிறர் உடலையும் காக்கலாம். ஆனால் வரம்பு உண்டு. போலிசின் உதவியை நாட நியாயமான வாய்ப்பு இருந்தால் அந்த உரிமை இல்லை. தேவைக்கு மேல் காயப்படுத்தவும் கூடாது. விழுந்தவரை மிதித்தால் அது பழிவாங்கல். வேண்டுமென்றே காயம் விளைவித்தால் 3 ஆண்டு வரை சிறை, 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

டான் சோர் ஜின் வழக்கு நினைவிருக்கிறதா? 2006ல் சிராங்கூன் அவென்யூ 4ல் ஒரு வீட்டுக்குள் துப்பாக்கியோடு புகுந்து உரிமையாளரைச் சுட்டுக் கொன்றவர். அவரும் தற்காப்பு என்றார். 2008ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சண்டையைத் தேடிப் போனவருக்குச் சட்டம் கைகொடுக்காது. தற்காப்புக்கென்று பையில் கத்தி வைத்திருப்பதும் குற்றத்தில் கொண்டுபோய் விடும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? விலகி நின்று 999ஐ அழையுங்கள். விழுந்தவருக்காக 995ல் ஆம்புலன்ஸ் கேளுங்கள். பார்த்தவர்களின் தொலைபேசி எண், கேமரா உள்ள கடையின் பெயர் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சிராய்ப்புதான் என்றாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். தற்காப்பை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது என்பதால் இவை எல்லாம் வேண்டும்.

வாக்குமூலத்தில் கவனம் தேவை. ஆங்கிலம் புரியாவிட்டால் கூச்சப்படாமல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, தவறிருந்தால் திருத்திய பிறகு கையெழுத்திடுங்கள். உங்களையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடியதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டும்போது, "அவர்தான் முதலில் தாக்கினார்" என்பதைச் சொல்லாமல் விட்டு, வழக்கு விசாரணையில் முதன்முறையாகச் சொன்னால் நீதிபதி நம்பத் தயங்கலாம்.

கைது செய்தாலும் 48 மணி நேரத்திற்குள் நீதிபதி முன் நிறுத்தியாக வேண்டும். வசதி குறைந்த குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் தற்காப்பு வழக்கறிஞர் தர, அரசாங்கம் 2022ல் தனி அலுவலகம் தொடங்கியது. வழக்கறிஞர் சங்கத்தின் இலவச உதவித் திட்டம் 1985 முதல் உள்ளது.

வெளிநாட்டு ஊழியராக இருக்கும் தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. "போலிசுக்குப் போனால் பெர்மிட் போய்விடும்" என்ற பயத்தில்தான் பலர் வாய் திறப்பதில்லை. பயம் நியாயமானதே. ஆனால் ஓடிப் பிடிபட்டவருக்குப் பெர்மிட்டும் நிலைக்காது, அவர் சொல்லும் உண்மையும் எடுபடாது. முதலில் பேசியவருக்கு அந்த உண்மையாவது துணை நிற்கும்.