மூன்று சுழியும் தெரிய வேண்டும்

இன்று பட்டம் பெறும் கிராஃபிக் டிசைன் மாணவ மாணவியரே,

காலையில் உங்கள் இறுதியாண்டுக் கண்காட்சியைச் சுற்றிப் பார்த்தேன். ஒவ்வொருவர் வேலைக்குப் பக்கத்திலும், பிடித்த படைப்புகளை ஒட்டிவைத்த ஒரு மூட் போர்டு இருந்தது. நல்ல பழக்கம். ஆனால் நமக்குப் பிடித்த படைப்பிலிருந்து நிறமும் வளைவும்தான் முதலில் நம் கையில் ஒட்டிக்கொள்கின்றன. அதைச் செய்தவர் எந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டினார் என்பது தேடிப் போனால்தான் கிடைக்கும். நீங்கள் தேட வேண்டியது அதைத்தான் என்று நம்புகிறேன்.

சத்யஜித் ராயை நமக்குத் திரைப்பட இயக்குநராகத் தெரியும். அவர் சாந்திநிகேதனின் கலாபவனத்தில் ஓவியம் பயின்று, படிப்பை முடிக்காமலேயே 1942இல் வெளியேறியவர். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் டி.ஜே. கீமர் என்ற விளம்பர நிறுவனத்தில் மாதம் 80 ரூபாய்ச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். சிக்னெட் பிரஸ் வெளியிட்ட நூல்களுக்கும் அட்டை வரைந்தார். ஜிம் கார்பெட் எழுதிய குமாயுன் புலி வேட்டை நூலின் வங்கப் பதிப்புக்கு அவர் செய்த அட்டையை அவசியம் பாருங்கள். புலி பாயவில்லை, துப்பாக்கி இல்லை. அட்டை முழுக்கப் புலித்தோலின் வரிகள். ஒரு பக்கம் குண்டு புகுந்த சிறிய துளை. மறுபக்கம் அதே குண்டு வெளியேறிய பெரிய துளை. குண்டு புகும் இடத்தைவிட வெளியேறும் இடம் பெரிதாகக் கிழிந்திருக்கும் என்பது வேட்டை அறிந்தவருக்குத் தெரியும். புத்தகத்துக்கு முதுகும் உண்டு, தடிமனும் உண்டு, வாசகர் அதைக் கையில் புரட்டுவார் என்று யோசித்தவருக்குத்தான் இது தோன்றும். இந்த அட்டையைக் காப்பியடிக்கப் போகிறவருக்குப் புலித்தோல் மட்டும்தான் மிஞ்சும்.

‘பதேர் பாஞ்சாலி’ நாவலின் சிறுவர் பதிப்புக்கும் அவரே படம் வரைந்தார். அந்த வேலைதான் அவருக்குள் 1955இல் வெளிவந்த திரைப்படமாக வளர்ந்தது. பிற்காலத்தில் சிவப்புத் துணி அட்டை போட்ட கணக்கு நோட்டுகளில் காட்சி, உடை, சுவரொட்டி, எழுத்து வடிவம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கிறுக்கி வைத்தார். ஆங்கிலத்துக்கு ‘ராய் ரோமன்’ என்ற எழுத்துருவையும் வடிவமைத்தார். ஒரு வேலை பின்னால் வேறொன்றாக வளரலாம் என்பதால்தான், உங்கள் போர்ட்ஃபோலியோவில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்த பக்கங்களைத் தூக்கிப் போடாதீர்கள் என்கிறேன்.

நம் ஊருக்கு வருவோம். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1963 வாக்கில், ஐம்பதைத் தாண்டிய வயதில், அதுவரை பெயர் வாங்கித் தந்த பாணியை விட்டு விலகினார். ஜாதகக் கட்டங்கள், கணிதக் குறிகள், வாசிக்க முடியாத எழுத்து வரிகள் இவற்றைக் கொண்டு ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையைத் தொடங்கினார். அந்த ஆண்டுகளில் அங்கே மாணவராக இருந்தவர் கே.எம். ஆதிமூலம். தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் பின்னாளில் அவர் தூரிகையால் எழுதிய கரடுமுரடான தலைப்பெழுத்துகளைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். அவரைப் பார்த்து எழுதியவர்கள் பலர், அந்தக் கரடுமுரடை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1969இல், காந்தி நூற்றாண்டின்போது, ஒரே மனிதரைக் கருப்பு மையில் திரும்பத் திரும்ப வரைந்து பழகிய கோட்டின் உறுதி அந்தக் கரடுமுரடுக்கு அடியில் இருக்கிறது. அதைக் கடன் வாங்க முடியாது.

சரி, உங்கள் சிக்கல் எது? என்னைக் கேட்டால், உங்கள் கண்முன்னே கிடக்கும் தமிழ் எழுத்து என்பேன். சினிமாத் தலைப்புக்கு அழகான எழுத்து வரையப் பலர் இருக்கிறார்கள். மாத்திரை உறையில் பொடி எழுத்தைப் படிக்கும்படி அமைக்க ஆள் குறைவு. ஆறு பாயிண்டில் மலிவான தாளில் அச்சடித்துப் பாருங்கள். மை பரவி, மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் ஒரே கறையாகிவிடும். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் உள்ள வேறுபாடு ஒரு சிறு சுழிப்புதான், அதுவும் அடைத்துக்கொள்ளும். புள்ளி உதிர்ந்தால் ‘பால்’ ‘பால’ ஆகிவிடும். மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரக் கால்களும் இருக்கும் எழுத்துக்கு ஆங்கிலத்துக்கு விடும் அதே வரி இடைவெளியை விட்டால், இரண்டு வரிகள் முட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

இதில் உழைத்தவர்கள் இருக்கிறார்கள். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த ‘கேட்டமரான்’ எழுத்துரு மெலிந்ததிலிருந்து தடித்ததுவரை 9 கனங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. அதைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டி, சுழிக்குள் எவ்வளவு வெள்ளை விட்டிருக்கிறார், ஏன் விட்டிருக்கிறார் என்று அளந்து பாருங்கள். பிறகு நீங்களே ஒரு ‘ண’ வரையுங்கள். கணினித் திரையில் பார்த்துத் திருப்தி அடையாமல், பக்கத்துத் தெரு ஆஃப்செட் அச்சகத்தில் அடித்து எடுங்கள். மை எங்கே அடைக்கும் என்று அந்த மெஷின்மேன் சொல்வார், குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளை வீட்டிலிருக்கும் பாட்டியிடம் கொடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த எழுத்தில் தடுக்குகிறாரோ அங்கிருந்து அடுத்த வரைவைத் தொடங்குங்கள்.