மாணவர்களும் கோடை விடுமுறையும்

(தஞ்சையில் மாணவர் கூட்டமொன்றில் பேசியது)



பரீட்சை முடிந்து ஊருக்குப் போகப் போகிற மாணவர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்று கேட்டுக்கொண்டார்கள். விடுமுறையில் என்ன செய்வதென்று புத்தி சொல்லுகிறவர்களுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. நான் சொல்லப் போவது ஒன்றுதான். அதாவது, உங்கள் சொந்த ஊரை நீங்களே ஆராய்ச்சி செய்யுங்கள் என்பதாகும். சிலர் சிரிக்கிறீர்கள். சோதனைக் குழாய் பிடிக்கிறவனுக்குத்தான் ஆராய்ச்சி, சரித்திரமும் பொருளாதாரமும் படிக்கிற பி.ஏ. வகுப்புப் பிள்ளைக்கு என்ன ஆராய்ச்சி என்பது உங்கள் எண்ணம் போலிருக்கிறது.

தோழர்களே! நூறு வருஷங்களுக்கு முன்னமே இது நடந்திருக்கிறது. 1915ம் வருஷக் கடைசியில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்கிற ஆங்கிலேயர் சென்னை சர்வகலாசாலைக்கு இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். அதற்கு முன் ஆக்ஸ்போர்டில் தொழிலாளிகளுக்கென்று ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரிக்குத் தலைவராயிருந்தவர். அவர் மாணவர்கள் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் ஊருக்குப் போகிறபோது இதற்கெல்லாம் விடை கண்டுவாருங்கள் என்று அனுப்பினார். நிலம் யாருடையது, கூலி என்ன, கடன் எவ்வளவு, வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்கிற மாதிரியான சங்கதிகள். கர்ணம் கணக்கில் நிலமும் வரியும் இருக்கும். உழுகிறவன் வயிறு அதில் இருக்காது. மாணவர்கள் கொண்டுவந்ததையெல்லாம் சேர்த்து 1918ல் ஒரு புத்தகமாகப் போட்டார். ராமநாதபுரம் ஜில்லா வடமலைபுரம், திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டான், தென்னாற்காடு இருவேல்பட்டு, வடாற்காடு தூசி ஆகிய ஊர்களோடு நம் தஞ்சை ஜில்லாவில் அன்றிருந்த பாலக்குறிச்சியும் அதில் இருக்கிறது. இப்பொழுது அது நாகப்பட்டினம் மாவட்டம்.

எழுதியவர்கள் கலெக்டர்களல்ல, வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள். ஆனால் அந்த எழுத்து இருந்ததனால்தான் 1936-37ல் பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் ஆகியோர் அதே ஊர்களை மறுபடியும் ஆராய முடிந்தது. 2019லும் ஆராய்ச்சிக்காரர்கள் பாலக்குறிச்சிக்கும் வெண்மணிக்கும் போனார்கள். முதல் அளவு இருந்தால்தானே வளர்ந்ததா தேய்ந்ததா என்று சொல்ல முடியும்?

இவ்வளவும் நல்லதுதான். ஆனாலும் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று பாக்கியிருக்கிறது. அன்று கேட்கப் போனவர்கள் யார்? யாரைக் கேட்டார்கள்? எங்கே நின்றுகொண்டு கேட்டார்கள்? 1916 டிசம்பரில் வெளிவந்த பிராமணரல்லாதார் அறிக்கையைப் படித்தவர்களுக்கு, அந்தக் காலத்தில் சர்வகலாசாலைக்குள் யார் நிரம்பியிருந்தார்கள் என்று தெரியும். மிராசுதாரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பண்ணையாள் கூலியை விசாரித்தால் மிராசுதாரர் கொடுத்ததாகச் சொல்லுவது எழுதப்படுமே தவிர, பண்ணையாள் வாங்கினது எழுதப்படுமா? பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பது வாய்பாடு. ஆனால் எந்த மரக்கால், யார் அளந்தது, தலை தட்டியதா, பதர் கலந்ததா என்று சேரியில் கேட்டால்தான் தெரியும்.

வெகு பிந்தியும் இந்தச் சங்கடம் தீரவில்லை. 1961-62ல் டில்லியிலிருந்து ஆந்த்ரே பெத்தேய் என்கிற அறிஞர் தஞ்சையில் ஒரு கிராமத்தில் தங்கி ஆராய்ந்தார். புத்தகத்தில் அதற்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் வைத்தார். குடியிருந்தது அக்கிரகாரத்து வீடு. அதனால் ஆதிதிராவிடர் தெருவோடு தாராளமாகப் பழக முடியாமற் போனதென்று அவரே பிற்பாடு ஒளிக்காமல் எழுதினார். அவ்வளவு கற்றவருக்கே கால் அந்தப் பக்கம் போவது சிரமமாயிருந்ததென்றால், குறையை அவர் தலையில் மட்டும் போட்டுப் பயனென்ன? தெருவை அப்படிப் பிரித்துக் கட்டினது யார்?

ஆகவே, நீங்கள் போவதானால் முதலில் சேரிக்குப் போங்கள். அங்கிருந்தே படிக்க வந்த பிள்ளைகள் இன்று உங்களில் இருக்கிறீர்கள். ஸ்லேட்டருக்கு இந்த வசதி கிடைக்கவில்லை. அம்மாவையும் பாட்டியையும் கேளுங்கள். நடவு நட்டவர்கள் அவர்கள், கணக்குச் சொன்னவர்கள் ஆண்கள்.

கேள்வியும் காலத்துக்குத் தக்கபடி மாறவேண்டும். பண்ணையாள் உண்டா என்று இன்றைக்குக் கேட்டால் இல்லை என்றுதான் வரும். 1952ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வந்தவுடன் பல மிராசுதாரர்கள் பண்ணையாளைக் கணக்கிலிருந்து நீக்கி நாட்கூலியாக்கினார்கள். பெயர் போயிற்று, சட்டம் காப்பாற்ற ஆளில்லாமல் போயிற்று. கூலித் தகராறும் தீரவில்லை. 1968 டிசம்பர் 25ல் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்ததற்குப் பின்னாலிருந்தது நெல்லுக் கூலியும் சங்கமும்தானே? இப்பொழுது கூலி ரூபாயாகிவிட்டது, அறுவடைக்கு யந்திரம் வந்துவிட்டது. ஆதலால் கூலி எவ்வளவு என்பதோடு நிற்காமல், வருஷத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது, மற்ற நாளில் எங்கே போனீர்கள், யாரிடம் கடன், வட்டி என்ன என்று கேளுங்கள்.

இன்னொரு சங்கதி. கோடையில் நம் டெல்டா வேறு ஊர். வயல் வெடித்துக் கிடக்கும், ஆற்றில் மணல் தெரியும். அப்போது பார்த்துவிட்டு இங்கே வேலையே இல்லை என்று எழுதினால் பாதிதான் உண்மை. குறுவை, சம்பா, தாளடி என்று பட்டத்துக்குப் பட்டம் தனியாக எழுதுங்கள். தை மாதம் பொங்கலுக்கு வருகிறபோது அறுவடையையும் பார்த்து ஒட்டிவையுங்கள். ஏழு நாள் முகாமுக்குப் போய்க் கோயில் வாசலைப் பெருக்கிவிட்டுப் படமெடுத்துக்கொண்டு திரும்புவதைக் காட்டிலும் இதில் சிரமம் அதிகம்தான்.

எழுதி முடித்ததும் அதே தெருவில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டுங்கள். "அது தப்பு தம்பி" என்று நாலு பேர் சொல்லுவார்கள். அதையும் எழுதுங்கள். கடன் சங்கதி சொன்னவர் பெயரை மட்டும் வெளியே விடாதீர்கள். அவர் அந்த ஊரிலேயே இருந்தாகவேண்டும். நோட்டுக்கு ஒரு பிரதி எடுத்துத் தேதி போட்டு ஊர் நூலகத்தில் கொடுங்கள். மேட்டூரில் ஜூன் 12ல் தண்ணீர் திறந்துவிட்டால் ஜனங்கள் நாற்றங்காலுக்குப் போய்விடுவார்கள், பேச ஆளிருக்காது. அதற்குள் தொடங்கிவிடுங்கள்.